கதவில் ஒட்டிய பதினேழு விதிகள்

விமான நிலையத்துக்குள் நுழைந்துவிடலாம், ஜெயலெட்சுமியின் வீட்டுக்குள் நுழைவதுதான் கஷ்டம். இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு யாருமில்லை, அவளைக் கட்டிக்கொண்ட சுகுமாரன்தான். பாயான் பாரு அடுக்குமாடியில் ஏழாவது மாடி, கோடி வீடு. கதவில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் பதினேழு விதிகள். செருப்பை வெளியே விடவும். இருபது விநாடி கை கழுவவும். முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். பூவோ செடியோ தொட்டி மண்ணோ கொண்டுவர வேண்டாம். வீட்டில் பூனை இருப்பவர்கள் சட்டையை மாற்றிக்கொண்டு வரவும். ஏழாவது விதி மட்டும் சிவப்பு எழுத்தில்: இருமல், சளி, காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது. பதினேழாவது விதி, மேலே உள்ள பதினாறையும் இன்னொரு முறை படிக்கவும்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வீங்கித் தளர்ந்துபோன அவளுடைய சொந்த இதயத்தை இரண்டு வருடங்களுக்கு முன் கோலாலம்பூரில் எடுத்துப் போட்டுவிட்டு, யாரோ ஒரு புண்ணியவானின் இதயத்தை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். உடம்பு என்பது லேசுப்பட்டதில்லை. அந்நியமாக ஏதாவது உள்ளே வந்தால் அடித்து விரட்டாமல் விடாது. வந்திருப்பது உயிர் கொடுக்க வந்த இதயம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் அதன் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அமுக்கி வைக்க வேண்டும். காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும், ஆயுசு முழுக்க. அப்படி அமுக்கி வைத்த உடம்பில் சாதாரணச் சளிகூட நெஞ்சில் இறங்கி ஆளைப் படுக்கவைத்துவிடும்.

பக்கத்து வீட்டு சபூராவுக்கு இதைப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. பாவம், எதிர்ப்புச் சக்தி கூடும் என்று கருஞ்சீரகத் தேன், அந்த வேர், இந்தக் கஷாயம் என்று வாராவாரம் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு அந்தச் சக்தி கூடக்கூடாதுக்கா. கூடிச்சுன்னா இதயத்தையே கடிச்சு வச்சிரும்" என்றாள் ஜெயலெட்சுமி.

"அல்லாவே! இதென்ன கூத்து லா" என்று சபூரா தேனைத் தானே குடித்துத் தீர்த்தாள்.

விதி போடுவது ஜெயலெட்சுமிக்குப் புதிதில்லை. எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் கிளீன் ரூமில் வேலை பார்த்தவள். மின்னணுச் சில்லு செய்யும் அந்த அறையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி விழுந்தாலும் சரக்கு குப்பைக்குப் போகும். தலை முதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு. பவுடர், மை, திருநீறு எதுவும் கூடாது. மல்லிகைப் பூ என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். அங்கே அவள் லைன் லீடர். வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தும்மினவளை அவள் திட்டுகிற திட்டில் அந்தத் தும்மலே பயந்து திரும்பிப் போகும் என்பார்கள்.

அந்தக் காலத்துக் கதை ஒன்றை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். இஸ்ஸதி என்று ஒரு மலாய்ப் பெண். கழுத்தில் படை வந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. வாசலிலேயே சொல்லியிருந்தால் சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்றியிருப்பார்கள், அதுதான் கம்பெனி விதி. அவள் சொல்லவில்லை. ஐந்து நாள் மூடி மறைத்து வேலை பார்த்தாள். அந்த ஐந்து நாள் சரக்கும் குப்பைக்குப் போனது. எஞ்சினியர்கள் காற்றைச் சோதித்து, தண்ணீரைச் சோதித்து, கடைசியில் அவள் கழுத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "காக் ஜெயான்னா பயம்" என்றாளாம்; காக் என்றால் மலாயில் அக்கா. எப்படி இருந்தது பார்த்தீர்களா என் ராஜ்ஜியம் என்று ஜெயலெட்சுமி இதைப் பல வருடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டைக் கிளீன் ரூம் ஆக்கியதை முதல் ஆறு மாதம் இதய டாக்டர் ஹன்னாவே பாராட்டினார். அப்புறம்தான் பேச்சு மாறியது. உங்கள் ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருக்கிறது, இதயத்தில் சேதம் இல்லை, இனி வெளியே நடங்கள், கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள், நோயாளிகளிடமிருந்து தள்ளி இருங்கள், பச்சையாக எதையும் சாப்பிடாதீர்கள், பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம், அது மருந்தோடு சேராது. மற்றபடி வாழுங்கள் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே சொன்னார். ஜெயலெட்சுமி தலையாட்டிவிட்டு வந்து கதவைப் பூட்டிக்கொண்டாள்.

காரணம் ரமணி. தைப்பிங் ஊர்க்காரி. அதே மாதத்தில், அதே வார்டில் இதயம் மாற்றிக்கொண்டவள். இருவரும் தினமும் போனில் பேசி, யாருக்கு எத்தனை மாத்திரை என்று போட்டி போட்டுச் சிரித்தவர்கள். எட்டாவது மாதம் ரமணி ஒரு கல்யாணத்துக்குப் போனாள். மூன்று வாரத்தில் நுரையீரலில் பூஞ்சை என்றார்கள். பத்து நாளில் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்தப் பூஞ்சை எந்தத் தூசியிலிருந்தும் வரலாம் என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். ஜெயலெட்சுமி கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் மனசுக்குள் ரமணியைக் கொன்றது அந்தக் கல்யாணம்தான்.

இந்த நிலையில்தான் மகள் சாந்தினிக்கு வளைகாப்பு வந்தது. பாலம் தாண்டி அந்தப் பக்கம் தாசேக் கெலுகோரில் புருஷன் வீட்டில் இருக்கிறாள், ஏழு மாதம். அவர்கள் குடும்பத்தில் முதல் வளையல் பெற்றவள் கையால்தான் ஏற வேண்டும். "மண்டபம் வேணாம்மா, வீட்டு முன்னால போர்ச்சிலதான். பத்தே பேரு. காத்தோட்டமா இருக்கும். நீ வந்து ஒரு வளையல் போட்டுட்டுப் போயிரு, போதும்" என்று கெஞ்சினாள். ஜெயலெட்சுமி வீடியோவில் பார்க்கிறேன் என்றாள். சாந்தினி அழுதிருந்தால், கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "சரிம்மா" என்று ஒரே வார்த்தையாகப் போனை வைத்துவிட்டாள். அந்தச் சரிம்மா ஒரு வாரமாகத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

வளையலாவது தன் கையிலிருந்து போகட்டும் என்று ஏற்பாடு. லிட்டில் இந்தியா கடைத்தெருவில் சுகுமாரன் பார்த்துப் பார்த்து வாங்கி வந்த கண்ணாடி வளையல்கள், சிவப்பும் பச்சையும், மேலே தங்கப் பொடி தூவியது. ஞாயிற்றுக்கிழமை அவரே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தது. அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். புதன்கிழமை காலையில் திடீரென்று போன் செய்து, ஒரு கம்பெனி ஆட்களைக் கேமரன் மலைக்கு ஏற்றிப் போகிறேன், சனிக்கிழமை வந்துவிடுவேன் என்றார். வீட்டுக்கு வந்து துணிகூட எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் மறுபடியும் போன். ட்ரிப் இன்னும் ஒரு நாள் நீண்டுவிட்டதாம். வளையலைக் கொண்டுபோக மருமகன் கிஷனை வரச் சொல்லிவிட்டாராம். குரல் கம்மியிருந்தது. மலைக் குளிர் என்றார்.

ஜெயலெட்சுமி வளையல்களை ஒவ்வொன்றாக ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கத் தங்கப் பொடி பஞ்சோடு வந்தது. கிருமி போனால் சரி என்று விட்டுவிட்டாள். பிறகு வெயிலில் காயட்டும் என்று தட்டோடு பால்கனிக்குக் கொண்டுபோனாள். அவள் சாதாரணமாக எட்டிக்கூடப் பார்க்காத பால்கனி அது. கீழே பசார் என்கிற சந்தைப் பக்கம் சாலையோர மரத்தடியில் ஒரு பழைய சாகா கார் நின்றது. பின் கண்ணாடியில் முருகன் ஸ்டிக்கர். வலப்பக்கக் கதவில், போன தீபாவளிக்குச் சுகுமாரன் தூணில் உரசிய கோடு.

டிப்போவில் நிற்க வேண்டிய காரைத் திருடிக்கொண்டு போகிறவன் வீட்டு வாசலிலா நிறுத்துவான்? உற்றுப் பார்த்தாள். முன் சீட்டைச் சாய்த்துப் போட்டு ஒரு மனிதர் அட்டையால் விசிறிக்கொண்டு படுத்திருந்தார். சந்தேகமே இல்லை. போனை எடுத்தாள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"கேமரன்லதான் ஜெயா. ஒரே ஜாம் லா. மழை வேற." கீழே கார்க் கண்ணாடி அவசரமாக ஏறியது. பசார் சத்தம் கேட்டுவிடக் கூடாதாம்.

"குளிருதா?"

"எலும்பு வரைக்கும் குளிருது." அட்டை இன்னும் வேகமாக விசிறியது.

"சாப்பிட்டீங்களா?"

"வயிறு முட்ட."

போனை வைத்ததும் அந்த மனிதர் இரண்டாக மடிந்து இருமினார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருமினார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, ஏழாவது மாடியை அண்ணாந்து பார்த்தார். ஜெயலெட்சுமி சட்டென்று சுவரோரம் ஒதுங்கினாள்.

இத்தனை நடந்தும் நெஞ்சு படபடக்கவில்லை. அதுதான் இந்த இதயத்தின் கோளாறு. வெட்டி எடுத்தபோது அறுந்த நரம்புகளைத் தைக்க முடியாது, மூளை சொல்வது நரம்பு வழியாக இதற்குப் போகாது, ரத்தத்தில் கலந்துதான் போய்ச் சேரும், அதனால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேகமெடுக்கும் என்று டாக்டர் ஹன்னா விளக்கியிருந்தார். பயமோ சந்தோஷமோ எல்லாம் இதற்கு இரவல் செய்திதான். மனசு கொதித்துக்கொண்டிருக்கும்போது இது பாட்டுக்குத் தன் கணக்கில் அடித்துக்கொண்டிருக்கும்.

முதலில் வந்தது ஆத்திரம்தான். எத்தனை பொய்! உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அப்படி நினைத்தபோதுதான் இஸ்ஸதி ஞாபகத்துக்கு வந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அந்தப் பெண் சொன்ன பதில் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. இப்போது சிரிப்பு வரவில்லை.

முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். மருத்துவமனைக்குத் தவிர வேறெதற்கும் அவள் அந்த லிப்டில் இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. மூன்றாவது மாடி தாண்டும்போது இதயத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது போலும். திமுதிமுவென்று அடிக்க ஆரம்பித்தது.

இரண்டு கார் தள்ளி நின்றுகொண்டாள். காற்று அவள் பக்கமிருந்து அவர் பக்கம் வீசுகிறதா என்று பார்த்துக்கொண்டாள். அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

"கேமரன்ல மழை விட்டிருச்சா?"

சுகுமாரன் துள்ளி எழுந்து, கைக்குக் கிடைத்த முகக்கவசத்தைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார். அசட்டுச் சிரிப்பு கண்ணில் தெரிந்தது. "நீ ஏன் கீழ வந்த? போ, போ மேல."

"எத்தன நாளா?"

"புதன்கிழமை காலையில தொண்ட கரகரன்னுச்சு. நேரா கிளினிக் போயிட்டேன். ஃபுளூன்னுட்டாங்க. அஞ்சு நாள் எம்.சி. லீவு. இப்போ காய்ச்சல் இல்ல, இருமல்தான்."

"டிப்போவுல டிரைவருங்க படுக்க ரூம் இருக்குல்ல? இந்த வேக்காட்டுல காடிக்குள்ளயா நாலு நாளு?"

"டிப்போவுல படுக்கலாம்தான்." சுகுமாரன் தலையைச் சொறிந்தார். "அங்கேருந்து நம்ம சமையல்கட்டு லைட் தெரியாதே. எட்டு மணிக்கு நீ லைட்டப் போட்டு, தண்ணி எடுத்து, மருந்து போட்டுட்டு அணைப்பே. அதப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது. உனக்கு ஒண்ணுன்னா ஏழு மாடி ஓடி வந்துரலாம் பாரு."

ஜெயலெட்சுமி ஏழாவது மாடிச் சமையல்கட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். "என்கிட்ட ஏங்க சொல்லல?"

அவர் முகக்கவசத்தை நேராக்கிக்கொண்டார். பிறகு, "பயம் லா" என்றார். "நோவுக்குப் பயமில்ல ஜெயா. உன் மூஞ்சிக்குத்தான். போன வருஷம் ஒரு தும்மல் தும்மினேன். மொளகாப்பொடி தும்மல். மூணு நாள் என்கூட நீ பேசல."

"வேற யாரெல்லாம் என்கிட்ட மறைச்சாங்க?"

"ஜெயா..."

"சொல்லுங்க."

"ரெண்டு மாசத்துக்கு முன்ன சாந்தினி வந்தாளே, அன்னிக்கு அவளுக்கு லேசா சளி. சொல்லிராதப்பா, அம்மா வாசல்லயே திருப்பி அனுப்பிரும்னா. உன்னப் பாத்தே ஆகணும்னு இருந்தா. நானும் விட்டுட்டேன்."

அன்று சாந்தினி சோபாவில் அவள் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முகக்கவசம் நழுவ நழுவ ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சளி ஜெயலெட்சுமியைத் தொற்றாமல் போனது அதிர்ஷ்டமே தவிர விதிகள் அல்ல. தூசிக்குப் பயந்து பதினேழு பூட்டுப் போட்டிருக்கிறாள், பூட்டுக்குப் பயந்து ஆட்கள் நோயை மடியில் மறைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். கிளீன் ரூமில் நடந்த அதே தப்பு. அங்கே போனது சில்லு. இங்கே போயிருக்கக்கூடியது, இன்னொருவர் கொடுத்துவிட்டுப் போன உயிர்.

"தப்பு என் பேர்லதான்" என்றாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் சுகுமாரன் இந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை. இருமலே நின்றுவிட்டது.

அங்கேயே நின்று மருத்துவமனை நர்ஸுக்குப் போன் செய்தாள். புதனிலிருந்து அவரோடு நெருக்கமில்லை, உங்களுக்குக் காய்ச்சலும் இல்லை என்றால் பயப்பட வேண்டாம், தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பாருங்கள், அவர் தனியறையில் முகக்கவசத்தோடு இருக்கட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றாள் நர்ஸ். நாளைக்கு மகள் வளைகாப்பு, போகலாமா என்று ஜெயலெட்சுமி கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் வாயா இதைக் கேட்டது என்று தானே திகைத்தாள். திறந்த இடம், கொஞ்சம் பேர், முகக்கவசம், சூடான சாப்பாடு என்றால் தாராளமாகப் போகலாம் என்று பதில் வந்தது.

அடுத்த போன் மகளுக்கு. "சாந்தினி, நாளைக்கு வர்றவங்கள்ல யாருக்கெல்லாம் சளி? உள்ளதச் சொல்லு. திட்டமாட்டேன்."

சாந்தினி குரலைத் தாழ்த்தினாள். "அத்தைக்கு நேத்துலேர்ந்து தொண்ட கட்டியிருக்கு. உனக்குத் தெரிஞ்சா வீடியோகூட வேணாம்னு சொல்லிருவியோன்னு..."

"உன் மாமியாரத் தள்ளி உக்காரச் சொல்லு. நான் வர்றேன்."

அன்று சாயங்காலம் சுகுமாரன் பின்னறையில் குடியேறினார். ஜெயலெட்சுமி கதவுத் தாளைக் கிழித்தாள். மருந்து, கைகழுவல் எல்லாம் அவளுக்கு மனப்பாடம், அதற்குத் தாள் வேண்டாம். புதுத் தாளில் சிவப்பு மையால் எழுதி ஒட்டினாள்: உடம்பு சரியில்லை என்றால் சொல்லுங்கள். திட்டமாட்டேன்.

சுகுமாரன் அறை வாசலிலிருந்தே எட்டிப் படித்தார். "மொத வரி சரி. ரெண்டாவதுதான் யாரும் நம்ப மாட்டாங்க" என்றார்.

"உள்ள போங்க" என்று அதட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிஷன் கார்க் கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். பாலம் தாண்டும்போது கடற்காற்று முகக்கவசத்தை அமுக்கியது. மாமியார் வருகிறாள் என்று அவன் காரை மூன்று முறை துடைத்திருந்தான், அதை மூன்று முறை சொன்னான். ஜெயலெட்சுமிக்குப் பாதி வழி வரைக்கும் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ரமணியின் முகம் வந்து வந்து போனது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பயத்தையும் கூட ஏற்றிக்கொண்டுதான் போனாள்.

போர்ச்சில் பத்தே நாற்காலிகள், தள்ளித் தள்ளி. கேட் ஓரத்தில் தனி நாற்காலியில் முகக்கவசத்தோடு சம்பந்தி ருக்குமணி. அங்கிருந்தே கையை உயர்த்திக் கம்மிய தொண்டையில் கத்தினாள். "சம்பந்தி! எனக்குத் தொண்ட கட்டிருக்கு, கிட்ட வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னத் திட்டாதீங்க!"

"சொன்னதுக்கு நன்றி சம்பந்தி" என்றாள் ஜெயலெட்சுமி. மனசார நன்றி சொன்னாள்.

சாந்தினி பட்டுப்புடவையில், கழுத்துகொள்ளாத மாலையோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கேட்டைத் தாண்டி வந்ததைப் பார்த்தும் எழுந்து ஓடிவரவில்லை. வந்தது நிஜம்தானா என்பதுபோல் கண்கொட்டாமல் பார்த்தாள். ஜெயலெட்சுமி குழாயடியில் இருபது விநாடி எண்ணிக் கை கழுவிவிட்டு வந்து, மகள் கன்னத்தில் சந்தனம் பூசினாள். தட்டிலிருந்து ஒரு சிவப்பு வளையலை எடுத்தாள். பளபளப்பு துளிகூட இல்லாமல் மழுங்கிப்போன வளையல்.

சாந்தினி அதைத் திருப்பிப் பார்த்தாள். "ம்மா... கழுவுனியா?"

"துடைச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"நாப்பத்தெட்டையும்."

சாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகையும் வந்தது. மகளின் விரல்களைக் குவித்துப் பிடித்து ஜெயலெட்சுமி அந்த வளையலை ஏற்றினாள். மணிக்கட்டில் அது நின்றதும் பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஓர் அத்தை பாட்டெடுத்தாள். எல்லோர் கண்ணும் ஈரமாக இருந்தது. ஜெயலெட்சுமியின் இதயம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

காற்று வரும் பக்கமாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். போனில் பின்னறைக் கைதி முகம் காட்டினார். நாலாவது வளையல், ஐந்தாவது வளையல் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நெஞ்சுக்குள் தொடங்கியது. முதலில் லேசாக, அப்புறம் காது வரைக்கும் கேட்கும்படி. ஜெயலெட்சுமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

சாந்தினி பாதிப் பாட்டில் பதறிப்போனாள். "ம்மா! என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்லடி" என்றாள் ஜெயலெட்சுமி. "நீ கைய நீட்டு. இப்பத்தான் இதுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு."